கமலாத்தாள் காட்டிய பகல் விளக்கு

முதலமடையில் மூன்று மாந்தோப்பும் சொந்த லாரியும் உள்ளவன் நான். படிப்பு நாலாம் வகுப்பு. மற்றதெல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. என்னை எதிர்த்துப் பேசத் துணிந்த ஒரே ஆள் கமலாத்தாள். என் கொட்டகையில் மாங்காய் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் பெண்களுக்குத் தலைவி. அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவன் கிடையாது.

தோப்புக்குக் கரண்டுக் கம்பி வரவில்லை. பெண்கள் வீடு திரும்பும் பாதையிலோ காட்டுப்பன்றித் தொல்லை. அதனால் அந்தி சாய்ந்ததும் டீசல் ஜெனரேட்டரை ஓட்டி, பாதை நெடுகக் குண்டு பல்பு எரிய விடுவேன். நன்றி சொல்வாளா?

"ஏனுங்ண்ணா, நாங்க ஊட்டுக்குப் போறதுக்கு ஊரையே பொகை போட்டுப் பழுக்க வெக்கறீங்களே!" என்பாள்.

பஞ்சாயத்தை நச்சரித்து ஒரு சோலார் விளக்கை நட வைத்தாள். நன்றாக எரிகிறது என்று அதிகாரி எழுதிவிட்டால் பாதை முழுக்க விளக்கு வரும். இல்லையென்றால் இருப்பதையும் கழற்றிக்கொண்டு போவார்கள்.

மலையாளம் கலந்த தமிழ் பேசும் எஞ்சினியர் இந்து மேடம் சோதிக்க வந்தார். உச்சி வெயிலில்.

"விளக்கு எரியலையே சேச்சி?"

"பகலுங்க மேடம்."

"எரியறதைக் கண்டாத்தான் ரிப்போர்ட்டு எழுத முடியும்."

"பொழுதெறங்க வாங்க, காட்டறேன்."

"அதுக்கு முன்னாடி ஆபீஸ் அடைச்சிடுமே!"

கமலாத்தாள் மாங்காய் பறிக்கும் தொரட்டியை எடுத்தாள். அதன் நுனியில் சாக்கை மாட்டி, விளக்கின் மேலிருந்த தகட்டை மூடினாள். தகட்டில் வெயில் படாவிட்டால் இரவு என்று நினைத்துக்கொள்வது அந்த விளக்கின் சுபாவம். எரிந்தது. ஆனால் முதலமடை வெயிலில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

"எரியுதா?"

"எரியுதுங்க."

"எனக்குத் தெரியலையே!"

"அண்ணா, லாரித் தார்ப்பாய எடுங்க!"

என் தார்ப்பாய் லேசுப்பட்டதல்ல. பெருமழையிலும் சொட்டுத் தண்ணீர் விடாது. ஏணி சாத்தி விளக்கின் மேல் போர்த்தினோம். இந்து மேடம் ஏறித் தலையை உள்ளே நுழைத்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"அய்யோ! கண்ணு கூசுது!"

"அதையும் எழுதிக்கங்க மேடம்!" என்று கீழிருந்து கத்தினாள் கமலாத்தாள்.

"கார்பன் எத்தனை கொறையும்?" என்று தார்ப்பாய் கேட்டது.

"இந்தண்ணன் தெனமும் ஊத்தற டீசலு அத்தனையுமுங்க. எறங்கி வந்து எங்க சேலைய மோந்து பாருங்க!"

பாதை முழுக்க விளக்கு வந்தது. ஜெனரேட்டரை நிறுத்திய முதல் அந்தியில், புறப்பட்ட பெண்கள் தயங்கி நின்றார்கள். வெளிச்சம் இருந்தது, சத்தம் இல்லை. இத்தனை நாள் பன்றி பயந்தது வெளிச்சத்துக்கா, சத்தத்துக்கா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஓட்டட்டுமா?" என்றேன்.

"அந்தப் பொகையவா? வேண்டவே வேண்டாமுங்ண்ணா."

சேலையை இழுத்துச் செருகினாள். "டபடபடபடப" என்று வாயாலேயே ஜெனரேட்டர் ஓட்டியபடி முன்னால் நடந்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இன்றும் அப்படித்தான் போகிறார்கள். பன்றியும் இல்லை, புகையும் இல்லை. தார்ப்பாய் என்னுடையது என்பதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம்.