அப்பாவிடம் சொல்ல ஒரு வாய் கேட்டேன்

மருந்தியல் பாடத்தில் இரண்டாவது முறையும் தோற்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். அப்போது நான் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் தோற்ற பாடத்தைத் திரும்ப எழுத ஒரே வாய்ப்புதான். அதிலும் தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டும்.

ஆபீஸில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ‘நீக்கம்’ என்று பொருள்படும் வார்த்தையைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்கத் தெம்பில்லை.

அப்பா மும்பை தாராவியில் தோல் பை தைக்கிறவர். அம்மா இல்லை. எங்கள் சந்து முழுக்க, “எம்மவ நர்சு” என்று சொல்லி வைத்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வேன்? மறுநாளும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதற்கடுத்த நாளும். மாஹிம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ரயில்கள் வரும், போகும். செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பதினொரு நாள் அப்படிப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை எங்கள் அம்மன் கோயிலுக்குப் போனேன். யூனிஃபார்மைப் பார்த்து ஓர் அக்கா மாத்திரை அட்டையை நீட்டினாள்.

“நர்சம்மா, புள்ளைக்குக் காய்ச்சலு. இத எத்தன வேள குடுக்கணும்?”

நான் அட்டையை வாங்கவில்லை.

“எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர்ட்ட காட்டுங்க.”

அவள் போனதும் ஆத்தா முன்னால் விழுந்து அழுதேன். பாஸாக வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு முகமில்லை. “தாயே, எங்க அப்பாட்ட சொல்ல ஒரு வாய் குடு. இனிப் பொய் சொல்ல முடியல” என்றுதான் கேட்டேன்.

எழுந்து திரும்பினால் வாசலில் அப்பா. பட்டறையில் கரண்ட் போய்விட்டதாம். வேலை நேரத்தில் அவர் கோயிலுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

“ஏட்டி, காலேசு இல்லியா?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“இத்தன நாளும் சோத்து டப்பாவ எங்க வச்சுட்டி தின்ன?”

அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன்.

கடிதத்தை வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே நின்றேன். “கீழ இன்னும் எழுதிருக்குல்லா. முழுசா வாசி” என்றார். கீழே இருந்தது: பதினைந்து நாளுக்குள் பெற்றோர் கையெழுத்தோடு முறையிட்டால், கல்லூரிக் குழு இன்னொரு வாய்ப்பைப் பரிசீலிக்கும். மூன்று நாள்தான் மிச்சம்.

அன்றே அப்பா என்னோடு கல்லூரிக்கு வந்தார். தமிழில் கையெழுத்துப் போட்டார். குழு எனக்குக் கடைசி வாய்ப்புக் கொடுத்தது. ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து முழு ஆண்டும் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். புரியாததை, புரியவில்லை என்று டீச்சரிடம் சொல்லக் கற்றேன். அந்த முறை பாஸானேன்.

இப்போது கடைசி ஆண்டு. வார்டில் மருந்து கொடுக்கும் முன் சந்தேகம் வந்தால் சிஸ்டரைக் கேட்காமல் கொடுப்பதில்லை. வீட்டில் எதையும் மறைப்பதில்லை. இது ஆத்தா போட்ட பிச்சை.

இதை வாசிக்கிற யாராவது சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துத் தவிக்கலாம். அம்மனிடம் பெரிய வரம் கேட்கத் தைரியம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உண்மையைச் சொல்ல வாய் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.