பாஸ்டருக்கு என்ன பயம்?

அக்கரப்பத்தனை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது என் கணவர் அழைத்தார். "பாஸ்டர் போயிட்டாரு" என்றார். "எங்க போயிட்டாரு? மாத்தலா?" என்று கேட்டேன். வருடா வருடம் அவரை மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பும். அந்த நினைப்பில்தான் கேட்டேன். மறுமுனையில் அவர் விசும்புவது கேட்டது. அப்புறம்தான் புரிந்தது. பஸ் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா எழுந்து எனக்கு இடம் தந்தார்.

போதகர் அருள்நாயகத்தை அறிந்த சபையாராகிய உங்களுக்கு அவருடைய வழக்கம் நினைவிருக்கும். வீட்டுக்கு வருவார், நமக்காக ஜெபிப்பார், பால் விடாத பிளேன்டீ குடிப்பார், ஆனால் எழுந்து போகமாட்டார். "சரி, இப்ப நீங்க எனக்குப் பண்ணுங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார். நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் அவரிடம் ஓடிய நாம், அவருக்கென்று எதைக் கேட்பது என்று தெரியாமல் "ஐயாவை ஆசீர்வதியும், ஆமென்" என்று முடித்துவிடுவோம். அவர் விட்டால்தானே! "டாக்டர்கிட்ட போயி 'ஒடம்பு'ன்னு மட்டுமா சொல்வீங்க? எங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டீங்க?" என்பார்.

எனக்குத் துருவிக் கேட்கிற குணம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவளுக்கு அது தொழில் வியாதி. இந்த மனிதர் எதற்காக வீடு வீடாக ஜெபம் கேட்டு அலைகிறார்? நோயா, கடனா, வீட்டில் சண்டையா? அவருடைய மனைவியிடமே ஒருமுறை சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அவருகிட்டயே கேளுங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டார்.

கடைசியில் கேட்டவர் என் மாமியார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து எங்கள் வேதத்தில் அவர் தலையிட்டதில்லை. அன்று நல்ல மழை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே மலைச்சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. மூடிக்கிடந்த பழைய ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில், எங்களைத் தங்கவிடும்படி கேட்கப்போன தொழிற்சங்கத் தலைவருக்கு, கொழும்புக் கம்பெனிக்கு எழுதச் சொல்லித் தோட்ட மேனேஜரான துரையிடமிருந்து பதில் கிடைத்திருந்தது. பயத்தோடு வீட்டு ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். பாஸ்டர் வழக்கம்போல் "இப்ப எனக்கு" என்றார். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் கேட்டுருவோம் பாஸ்டரு. ஒங்களுக்கு என்னாதான் பயம்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். "தொரை பங்களாங்க" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நானும் லயத்துல பொறந்தவன்தான். எங்கப்பா தலைப்பாகைய அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் அந்த வாசல்ல நிப்பாரு. நாளைக்கு நான் போயி ஸ்டோர் சாவியக் கேக்கணும். நெனச்சாலே காலு நடுங்குது, நாக்கு ஒட்டிக்குது. இத எந்த வீட்டுலயும் சொல்ல முடியல. பாஸ்டரே பயந்தா மத்தவங்க என்னா ஆவாங்க?"

சிரிப்பு நின்றது. எங்களுக்காகப் போகிறவர் அவர். அவருக்குப் பயம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! மாமியார் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் தலையில் வைத்தார். "ஆத்தா, இந்த மனுசனுக்குக் காலும் நாக்கும் நீதான் தொணை." பாஸ்டர் உரக்க "ஆமென்" சொன்னார். அந்த 'ஆமென்' பற்றி நம் சபையில் நடந்த வாக்குவாதம் உங்களுக்குத் தெரியும். "எனக்காகக் கேட்டாங்க. கேக்குற எடத்துக்குப் போய்ச் சேரும்" என்பதுதான் அவர் சொன்ன பதில்.

மறுநாள் நானும் கூடப் போனேன். பங்களா வாசலில் அவருடைய காற்சட்டை கண்முன்னே படபடத்தது. துரை முடியாது என்றார். பாஸ்டர் நகரவில்லை. "சேர், அந்த லயத்துல நாப்பது புள்ளைங்க தூங்குது. சாவியத் தாங்க" என்றார். துரை கோபமாக ஏதோ சொன்னார். அவர் அதே வார்த்தைகளை அதே குரலில் திரும்பச் சொன்னார். பிறகு மறுபடியும். சாவி வந்தது.

இறங்கி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "பாஸ்டர், காலு அப்படி நடுங்கிச்சே, நம்ம ஜெபத்தை ஆண்டவர் கேக்கலையா?"

"காலை நடுங்கட்டும்னு விட்டுட்டாரு டீச்சர். நாக்கை மட்டும் பாத்துக்கிட்டாரு."

அந்த வாரமே மண் சரிந்து எங்கள் லயத்தின் பாதியை மூடியது. உள்ளே யாரும் இல்லை. மாமியாருடைய அம்மிக்கல் இன்னமும் மண்ணுக்குள் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை புதிய போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இளைஞர், மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். பாஸ்டரை இழந்த எங்களுக்காக அழகாக ஜெபித்தார், பிளேன்டீயைக் குடித்தார், பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாஸ்டர் என்னிடம் விட்டுப்போனது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்க வாய் வரவில்லை. மாமியாருக்கு வந்தது.

"ஒக்காருங்க தம்பி. இப்ப நாங்க ஒங்களுக்குப் பண்ணணும். என்னா பயம், சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

"அவரு எடத்துக்கு வந்திருக்கிறன் அம்மா" என்றார். "அதுதான் பயம்."

நாங்கள் கண்களை மூடினோம்.