எனிட் கழித்துப் போட்ட தட்டு

வட இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில், தெருவில் போகும் எனிட் கிராப்ட்ரீயைப் பின்னாலிருந்து எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று ஊருக்குப் புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். திமிரெல்லாம் இல்லை, இரண்டு காதிலும் பஞ்சு. அவளுடைய அம்மா நெசவு ஆலையில் தறி ஓட்டியே காதைத் தொலைத்தவள். எனிட்டுக்கோ காதுதான் சோறு போட்டது. வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைப் பொத்தி வைத்திருந்தாள்.

அந்தப் பழைய ஆலைக் கட்டடத்திலேயே பிறகு இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. அதன் கேட்பறையில் எனிட்டுக்கு வேலை. இயந்திரத்திலிருந்து வரும் அடுக்கில் ஒரு தட்டை உருவி, ஹெட்போனை மாட்டி, ஊசியை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் இறக்கிக் கேட்க வேண்டும். சொடுக்கு, கரகரப்பு, உறுமல் ஏதாவது இருந்தால் கழிக்க வேண்டும். பாட்டை மட்டும் கேட்கவே கூடாது. பாட்டில் மனம் போனால் பழுது காதுக்குத் தப்பிவிடும். அதற்காகவே அங்கிருந்த பெண்கள் எல்லோரும் மடியில் கம்பளி நூலை வைத்துப் பின்னிக்கொண்டே கேட்டார்கள். உலகமே தலைகீழாக நின்று ஆடிய பாட்டுகளெல்லாம் எனிட்டின் காது வழியாகப் போயிருக்கின்றன. அவளுக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. இன்ன வருஷம் பச்சை ஸ்வெட்டர், இன்ன வருஷம் சாம்பல் ஸ்வெட்டர் என்றுதான் ஞாபகம்.

கணவன் காலமான பிறகு வீட்டில் அவளும் மகள் கெய்லும்தான். கெய்ல் வீட்டுக்கடன் அலுவலகத்தில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, மூன்று பையன்களோடு சேர்ந்து கால்வாய்க்கரைக் கிடங்கு ஒன்றில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். குழுவின் பெயர் ‘ட்வென்டி வாட்’. “இருபது வாட் பல்பு வெச்சா கக்கூசுக்கே வெளிச்சம் காணாதே” என்று எனிட்டின் கேட்பறைத் தோழி பெரில் சிரித்தாள். அது எழுபத்தொன்பதாம் வருஷம். அந்த மாதிரிக் குழுக்களைப் பத்திரிகைக்காரர்கள் ‘புது அலை’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கெய்ல் கேட்டாள். “அம்மா, ஒரே ஒரு தடவை வந்து கேளேன்.”

“நாள் பூரா கேட்டுட்டுத்தானேடி வரேன்” என்றாள் எனிட். “பஸ்ல உங்க கிடங்கைத் தாண்டறப்பவே பஞ்சையும் மீறிக் கேக்குது. நாங்க கழிச்சுக் குப்பையில போடற சத்தத்தையெல்லாம் பொறுக்கிட்டு வந்து பாட்டுங்கறீங்க.”

பாதி வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கெய்ல் தட்டில் இருந்த பட்டாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். வாயை விட்டுவிட்டோம் என்று மாடிப்படியில் மகளின் காலடி கேட்கும்போதே எனிட்டுக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்த வீட்டு ரத்தம் அப்படி. அந்த வாரமே கெய்ல் மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, மகள் வரவில்லை. எனிட் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

பனி உருகும் சமயத்தில் கேட்பறைக்கு ஒரு தட்டு வந்தது. இன்னும் பெயர்கூட ஒட்டாத வெள்ளை லேபிள், அதில் வெறும் எண். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஊசியை இறக்கியதும் எனிட்டின் பின்னல் நின்றது. ஏதோ தொம் தொம்மென்று இடிக்கிறது. அதற்கு மேலே மூக்கால் பாடுவது போல ஒரு முனகல். அடுத்த அடுக்கில் ஒன்றை எடுத்தாள். அதே இடத்தில் அதே முனகல். இன்னொன்றிலும் அதுவே.

“என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கறே?” என்றாள் பெரில்.

“இதைக் கேளு.”

பெரில் ஹெட்போனை ஒரு காதில் வைத்துப் பார்த்தாள். “எவளோ பொம்பள முனகறா. சுருதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெக்கார்டிங் ரூமைப் பெருக்க வந்தவளா இருக்கும், பாவம். மைக்கை மூட மறந்துட்டானுங்க.”

அச்சிலேயே பழுது என்று எனிட் சொல்லிவிட்டாள். நியாயமாக மேற்பார்வையாளர் ஆஷ்வொர்த், தட்டை வெளியிடும் லண்டன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனிட்டின் காதுக்கு மேல் அங்கே அப்பீல் கிடையாது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். மாதிரிக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அச்சடித்த தட்டுகளின் நடுவிலிருந்த லேபிளை வெட்டியெடுத்துவிட்டு மீதியை அரைத்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் மறு வாரமே ஏதோ ஊர் பேண்டு வாத்தியக் கோஷ்டியின் தட்டாக மறுபிறவி எடுத்தது.

தட்டு கடைக்கு வரவேண்டிய நாள் தாண்டியதும் லண்டன் கம்பெனிக்காரன் குதித்துக்கொண்டு வந்தான். கூடவே, எது பழுது எது பாட்டு என்று சொல்வதற்குப் பாட்டுக் குழுவில் ஒருவரையும் அழைத்து வந்தான். கேட்பறைக் கண்ணாடிக்கு அப்பால் கெய்ல் நிற்பதை எனிட் பார்த்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், இளைத்திருந்தாள். மகளின் தட்டு என்று தெரியாமல், சொன்ன வார்த்தைக்குக் கொஞ்சமும் குறையாமல் குப்பையிலேயே போட்டிருக்கிறோம்! இனி அவள் எந்த ஜென்மத்தில் வீட்டு வாசலை மிதிப்பாள்?

“பழுது எங்கேன்னு காட்டுங்க, எனிட்” என்றார் ஆஷ்வொர்த். இந்த முறை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

எனிட் ஊசியை இறக்கினாள். தொம் தொம். முனகல்.

“இதோ. யாரோ முனகறது கலந்திருக்கு.”

“யாரோ இல்லம்மா” என்றாள் கெய்ல். “நீதான்.”

“நானா?”

“அந்த இடி நம்ம வீட்டு வாஷிங் மெஷின். துணி துவைக்கறப்போ நீ கூடவே முனகுவே. காதுல பஞ்சு இருக்கறதால உனக்கே தெரியாது. ஒரு சனிக்கிழமை ரெக்கார்டரை அலமாரி மேல ஓட விட்டுட்டு வெளிய போனேன். அந்த டேப்புல ஒரு துண்டை வெட்டி, ரெண்டு முனையையும் வளையமா ஒட்டி, திரும்பத் திரும்ப வர்ற மாதிரி பால் பாட்டிலைச் சுத்தி ஓட விட்டோம். டிரம்ஸ்காரன் அதுக்குத்தான் தட்டறான். அந்தப் பாட்டே உன் மேலதான் நிக்குது.”

“நான் அவ்வளவு பேசினப்புறமுமா?”

“பாட்டாக்கினதே அப்புறம்தான். மான்செஸ்டர்ல வீட்டு ஞாபகம் வந்தா போட்டுக் கேக்க என்கிட்ட அந்த டேப் ஒண்ணுதான் இருந்துச்சு.” கெய்ல் ஊசியைத் தூக்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இரு. நீ எதையுமே முடிவு வரைக்கும் கேக்க மாட்டே.”

கிட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டிரம்ஸ் நின்றது. கடைசியில் இயந்திரமும் நிற்க, அமைதியில் ஒரு தாழ்ப்பாள் சத்தம். பிறகு எனிட்டின் குரல்: “கெய்ல்? வந்துட்டியா கண்ணு? கதவைச் சாத்து, குளிர் வருது.” அதோடு தட்டு முடிந்தது.

ஆஷ்வொர்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பெனிக்காரனுக்குத்தான் அவசரம். “அப்ப இது பழுதா, இல்லையா?”

“பழுது இல்ல” என்றாள் எனிட், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “பாடறவதான் சுமார்.”

அந்தத் தட்டு பிறகு என்னென்னவோ செய்தது. வட இங்கிலாந்தில் பாதிப் பையன்கள் கேசட் ரெக்கார்டரும் கையுமாக அம்மாவின் வாஷிங் மெஷின் முன்னால் மண்டி போட்டார்கள். ஒருவன் தன் பாட்டியின் குறட்டைக்கே தாளம் போட்டான் என்று கேள்வி. பெல்ஜியத்திலிருந்து ஒரு குழு எனிட்டின் கையைக் குலுக்கவென்றே ரயிலேறி வந்து, அந்த வாஷிங் மெஷினைப் பார்த்து, இவ்வளவு சின்னதா என்று ஏமாந்து போனது. கூடம் முழுக்க வாத்தியங்களைக் குவித்தால்தான் பாட்டு என்ற நினைப்பு பலருக்கு அப்போது போனது. இதெல்லாம் பத்திரிகைகளில் வந்தது.

வராத ஒன்று உண்டு. அன்று கேட்பறையில் எல்லோரும் நின்றதால் அம்மாவும் மகளும் மேற்கொண்டு பேசவில்லை. “சனிக்கிழமை துணி போடுவேன்” என்று மட்டும் எனிட் சொன்னாள். கெய்ல் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எனிட் மெஷினை ஓட விட்டாள். காதில் பஞ்சு வைக்கவில்லை. இடி மண்டைக்குள் இறங்கியது. காது போனால் போகட்டும் என்று நின்றாள். மன்னிச்சுக்கோடி என்று சொல்வதற்காக நான்கைந்து விதமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். மத்தியானம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. முதுகில் சில்லென்று காற்று பட்டது. சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“கெய்ல்? வந்துட்டியா கண்ணு? கதவைச் சாத்து, குளிர் வருது.”

கதவு சாத்தப்படவில்லை. எனிட் திரும்பினாள். கெய்ல் பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம்.

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

“மொதல்ல கதவைச் சாத்துடி” என்று சொல்லி, எனிட் ஈரக் கையோடு போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.