கட்டிலில் வைத்த தொப்பி

நேப்பிள்ஸில் எர்சிலியா தன் வீட்டின் ஓர் அறையை, படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறவள். ஒரு வருஷப் படிப்புக்காக எஸ்டோனியாவிலிருந்து வந்த மரேத்தை அவளுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தாள், ஈரத்தலையோடு வெளியே போனாள்; இரண்டுமே நோயை இழுத்து வரும் என்பது எர்சிலியாவின் நம்பிக்கை.

டிசம்பரில் எர்சிலியாவின் கணவர் கார்மினே நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். நலம் விசாரிக்க வந்த மரேத், தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, கட்டிலில் அவர் காலடியில் வைத்தாள்.

எர்சிலியா பதறிப்போனாள். சாகக் கிடக்கிறவருக்குக் கடைசியாக எண்ணெய் பூசி ஜெபிக்க வரும் பாதிரியார்தான் கட்டிலில் தொப்பியை வைப்பார்; வேறு யார் வைத்தாலும் அந்த ஊரில் அது சாவுக்கு அறிகுறி. மரேத்தின் தொப்பியை எடுத்து வெளியே வீசினாள்.

“என் புருஷனுக்குக் குழி தோண்டவா வந்தே? நாளைக்கே காலி பண்ணுடி!”

“எனக்குத் தெரியாதும்மா. எங்க ஊர்ல அது வெறும் தொப்பி,” என்றாள் மரேத்.

“அப்ப உங்க ஊருக்கே போ!”

கார்மினே இருமிக்கொண்டே சிரித்தார். “நான் இன்னும் சாகலியே எர்சிலியா, ஏன் அவசரப்படுறே?”

“நீங்க வாயை மூடுங்க!”

அன்று முழுவதும் அவள் ஜெபமாலையும் கையுமாக அவர் பக்கத்திலேயே இருந்தாள். மரேத் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. கார்மினே காப்பி கேட்டார். மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு எர்சிலியா வெளியே வந்தபோது, போக இடமில்லாத மரேத் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

“வழியில பெட்டியை வெச்சா ஆளு தடுக்கி விழமாட்டாங்களா? உள்ள எடுத்து வை,” என்று எர்சிலியா சிடுசிடுத்தாள். “மாதா அவரைக் காப்பாத்திட்டாங்க, அதனால விடுறேன். உன்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைக்காதே.”