இரண்டு அறைகளுக்கு நடுவே

தகராறு என்று வந்துவிட்டால் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். ஆளுக்கோர் அறை, நடுவில் ஒரு நடைவழி. அதில் இருபத்திரண்டு வருடமாக இங்கும் அங்கும் நடப்பதுதான் மத்தியஸ்தரின் பிழைப்பு. ஓர் அறையில் கேட்டது, சொன்னவர் சம்மதமில்லாமல் அடுத்த அறைக்குப் போகக் கூடாது. அதில் அவர் வாய் பூட்டுப் போட்ட வாய். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கன்னுகூட உங்ககிட்டேருந்து வாங்க முடியாது" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். மனிதருக்கு அது பாராட்டாகவே கேட்கும். தன் சாமர்த்தியத்தில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

அன்றைக்கு வந்தவர் ஒரு தையல்காரம்மா. பதினெட்டு வருடம் வேலை பார்த்த தையல் ஆலையில், மேலாளரை எதிர்த்துப் பேசினார் என்று நிறுத்திவிட்டார்கள். அவருக்கு வேலை திரும்ப வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இடது கண்ணில் புரை விழுந்திருப்பதையும் சொன்னார். இரண்டு மாதத்தில் அறுவை சிகிச்சை, அப்புறம் சரியாகிவிடுமாம். அதுவரை அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்றார். தெரியவராது என்று மத்தியஸ்தர் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த அறையில் முதலாளி காலையிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் இறங்கிவந்தார். திங்கட்கிழமை வரட்டும், பழைய மெஷினிலேயே உட்காரட்டும் என்றார். அதோடு கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? நம்மவர் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று இன்னும் ஓரடி போனார். முதல் ரெண்டு மாசம் உத்துப் பார்த்துத் தைக்கிற மெஷின் வேண்டாம், துணி மடிக்கிற பக்கம் போடுங்களேன் என்றார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், கண்ணு சரியில்லையா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் துரோகம். அதை நான் பேசக் கூடாது என்று சட்டென்று சொல்லியிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். மத்தியஸ்தர் விழித்தார். அந்த விழிப்பே போதுமானதாக இருந்தது.

"மெஷின்ல விரல் போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். வேண்டாம் சார், விட்டுடுங்க" என்று முதலாளி பேனாவை மூடிவிட்டார். அரை மணி நேரம் கெஞ்சியும் அவர் மசியவில்லை.

மத்தியஸ்தர் நடைவழியில் நின்றார். முதலாளி பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்த அம்மா நம்பிவிடுவார். அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவருக்குக் கேவலமாக இருந்தது. உள்ளே போய் உட்காராமல் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். கண் விஷயம் தன்னால்தான் தெரிந்துபோனது என்றார். மன்னிப்புக் கேட்டார்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மத்தியஸ்தருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது சார். உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

மத்தியஸ்தர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.