தள்ளி நின்று எடுக்கும் லென்ஸ்

அந்தக் கேமராவை வாங்குவதற்கு முன் மூன்று மாதம் நேரு வீதியில் ஒரு கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் வேலை முடிந்ததும் சைக்கிள் அந்தப் பக்கம்தான் திரும்பும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். உள்ளே யாராவது நிமிர்ந்தால் நகர்ந்துவிடுவேன். ஐந்தாவதோடு நின்றவன் நான். பெட்டிகளின் மேல் இருந்த ஆங்கிலம் புரியவில்லை. லென்ஸ்களில் எழுதியிருந்த எண்கள் மட்டும் புரிந்தன. மில்லிமீட்டர் நான் தினமும் புழங்குகிற அளவு.

மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். மாப்பிள்ளை பிரான்சில் வேலை பார்த்தார், லீவு கிடைக்கவில்லை. படங்களை அன்றைக்கே மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார். என் மனைவி சம்பந்தி வீட்டில் போய், "ஸ்டுடியோக்காரன் எதுக்கு? இவரே எடுத்துடுவாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். கூட வேலை செய்தவரின் பழைய ஃபிலிம் கேமராவில் கடற்கரையைப் பத்துப் படம் எடுத்திருந்தேன். அந்த நம்பிக்கை அவளுக்கு. எனக்கு அது இல்லை.

வேறு வழியில்லாமல் கடைக்குள் போனேன். டிஜிட்டல் கேமராவும் ஒரே ஒரு லென்ஸும் வாங்கத்தான் என்னால் முடியும். கடைக்காரர் குட்டையான ஒன்றை எடுத்துவைத்தார். பதினெட்டில் ஆரம்பித்தது.

"வீடு, விசேஷம் எல்லாத்துக்கும் இது போதும் சார்."

பதினெட்டு மில்லிமீட்டர் என்றால் எனக்கு ஒரு போல்ட்டின் தடிமன். அதில் எத்தனை பேர் அடங்குவார்கள்? பக்கத்தில் முந்நூறு வரை போகிற நீளமான லென்ஸ் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்ப்புறம் பூ விற்றவளின் மூக்குத்திக் கல் தெரிந்தது. அவளுக்கு நான் பார்ப்பதே தெரியாது. யார் முகத்துக்கும் நேரே போய் நிற்க வேண்டாம்! மூன்று மாதத்தில் அந்த ஒரு நிமிடம்தான் மனம் ஓய்ந்தது.

"அதுல ரூமுக்குள்ள எடுக்கறதுன்னா பின்னால போய்க்கினே இருக்கணும் சார்" என்றார் கடைக்காரர்.

விளக்கம் கேட்கக் கூச்சம். "பரவால்லீங்க" என்று சொல்லி அதையே வாங்கினேன்.

வளைகாப்பு, சாரம் பகுதியில் இருந்த சம்பந்தி வீட்டில். முன்அறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். முப்பது பெண்கள். நடுவில் நாற்காலியில் மகள். கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவளுடைய காது தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன், கன்னம் தெரிந்தது. சுவரில் முதுகு முட்டியது. சந்தனம் பூசுகிற கை மட்டும் படத்தில் இருந்தது, பூசுகிற ஆள் இல்லை. வாசலுக்கு வந்தேன், படியிறங்கினேன், தெருவைக் கடந்து எதிர்வீட்டு மதிலில் சாய்ந்தேன். இப்போது கதவுச் சட்டத்துக்குள் இருட்டுதான் தெரிந்தது. அழுத்திய படமெல்லாம் ஆடிக் கலங்கியிருந்தது.

சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்றார். "என்னா சம்பந்தி, படம் எடுக்க வந்தீங்களா, சொல்லாம கெளம்பிட்டீங்களா?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அந்த அம்மாவிடம் நான் பேசியது "வாங்க", "சாப்பிடுங்க" மட்டும். கடைசி வளையல் போட்டாகிவிட்டது. ஆரத்தி எடுத்தால் மகள் எழுந்துவிடுவாள். மாப்பிள்ளைக்கு அனுப்ப என்னிடம் ஒரு காதும் ஒரு கன்னமும்தான் இருந்தன.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினால்தான் கேட்கும். "நாற்காலிய வாசல்ல போடுங்க!"

"மாசமா இருக்கற பொண்ண, கை நெறைய வளையலோட நடுத்தெருவுல உக்கார வைக்கவா? கண்ணு பட்டுடும்" என்றார் சம்பந்தியம்மா.

"ஒங்க புள்ள பாக்க வேணாமா?"

இருவருக்கும் நடுவே ஒரு மொபெட் போனது. அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "உப்பு மொளகா எடுத்தாங்கடி. மொதல்ல சுத்திப் போடுவோம், அப்புறமா உக்காரட்டும்" என்றார்.

மகள் வாசலில் உட்கார, சம்பந்தியம்மாவும் மற்றப் பெண்களும் சுற்றி நின்றார்கள். மூன்று பேர் ஃபிரேமுக்கு வெளியே இருந்தார்கள். "கிட்ட வாங்க, இன்னும் கிட்ட!" என்று கத்திக்கொண்டே, ஒரு கையால் ஆட்டோவை நிறுத்தி, எட்டுப் படம் எடுத்தேன். சட்டை நனைந்துவிட்டது.

பிரவுசிங் சென்டர் பையனிடம் மெமரி கார்டைக் கொடுத்து அனுப்பவைத்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "எங்கம்மாவ எப்பிடி மாமா தெருவுக்குக் கொண்டாந்தீங்க?" என்றார்.

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்க, நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம். ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நான்கடி இருக்குமா? அங்கே யாரையும் தெருவுக்கு வரச் சொல்ல முடியாது. பதினெட்டில் ஆரம்பித்த அந்தக் குட்டை லென்ஸ் கடையில் இன்னும் இருக்குமோ, யாராவது வாங்கிப் போயிருப்பார்களோ?