கற்பூரமரத்தடி உருண்டைகள்

கோத்தகிரி பஜாரில் பஞ்சர் கடையைத் தாண்டும்போதெல்லாம் சுரண்டிய ரப்பரின் வாடை வரும். என் தாடை இறுகிவிடும். அந்த வாடை வந்தாலே அக்காவின் கணவர் கண்முன் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

கோபிப் பக்கத்துச் சமவெளிக்காரர். போன ஆடியில் அக்காவோடு கட்டபெட்டுக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார். ஓயாத மழை, ஓயாத வாய். மழை விட்ட ஒரு காலையில் தேயிலைக்கு மேலிருக்கும், நீலகிரித் தைலம் எடுக்கும் கற்பூரமரக் காட்டுக்குள் போனவர், துண்டு நிறைய உருண்டைக் காளான்களோடு திரும்பினார். மஞ்சளோடிய பழுப்பு, உருளைக்கிழங்கு அளவு, மேலெல்லாம் செதில்.

"முட்டைக் காளான். எங்க கரட்டுமேட்டுல இடி இடிச்சா மொளைக்கும். மலைக்காரங்களுக்குத் தின்னத் தெரியல, பாவம்."

"இது வேறங்க மச்சான். திங்கிறதில்ல."

"நீ கவிதை எழுது மாப்ள. காளானை எங்கிட்ட விடு."

அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வெட்டினேன். முட்டைக் காளானின் தோல் விரலுக்கே உரியும். உள்ளே முழுக்க வெள்ளை. இதன் தோல் செருப்புத்தோல். உள்ளே கருநீலம், வெள்ளை நரம்போடிய கருநீலம், அழுகத் தொடங்கிய இரவு. குப்பென்று ரப்பர் வாடை.

"அது முத்திப்போச்சு. எளசா வெட்டு."

வெட்டினேன். பாழாய்ப்போன இளசு உள்ளே வெளுத்துக் கிடந்தது. இளசில் அப்படித்தான் ஏமாற்றும், தோலின் தடிமனைப் பாருங்கள் என்றேன். அவர் பார்க்கவில்லை, சிரித்தார். கருத்ததையெல்லாம் தள்ளிவிட்டு இளசுகளை வேகவைத்து மஞ்சள்தூளைத் தூவினார். நிறம் மாறாவிட்டால் நல்ல காளான். அவர் வீட்டுச் சோதனை. மஞ்சள் மஞ்சளாகவே மிதந்தது.

"எந்த விஷமும் மஞ்சளுக்குப் பயந்து நெறம் மாறாதுங்க."

"அப்போ எங்கம்மா முட்டாளா?"

நான் எட்டி அடுப்பை அணைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"மொதல்ல உங்கக்காளுக்கே போடறேன், பாரு."

அக்கா தட்டை நீட்டினாள். பழகிப்போன மாதிரி நீண்ட அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன்.

பத்து நிமிடத்தில் பெட்டிகள் காருக்குப் போயின. இனி இந்த வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன் என்று பக்கத்து லைன் வீடுகள் வரைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவர் காரின் பின்னால் போய் டிக்கியை அறைந்து மூடினார். அந்த இடைவெளியில் அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"தெரிஞ்சுதான்டா தட்ட நீட்டுனேன். ரெண்டு வாந்தியோட போயிருக்கும். இனி வருசம் பூரா இவரு ஏச்சக் கேக்கப்போறது நீயா, நானா?"